சோழனும் காபியும் போக மீதி டெல்டா

மன்னார்குடிப் பக்கம் என்று சொன்னால் போதும், வெளியூர் வாசகர்கள் இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். கொஞ்சம் வயதானவர்கள் "அடடா, தி. ஜானகிராமன் மண்ணு!" என்று சொக்கிப்போகிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு, 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து, நான் சோழ நாட்டுக்காரி. முதல் கூட்டத்துக்கு டெல்டா என்றால் கும்பகோணம், தம்புரா, டபரா காபி. இரண்டாவது கூட்டத்துக்கு வந்தியத்தேவன் குதிரை. இரண்டையும் நானும் படித்தவள்தான். ஜானகிராமனின் மோகமுள் பிடிக்கும், அதில் கதாநாயகன் பாபுவைவிட அவன் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவை ரொம்பப் பிடிக்கும். கல்கியின் ஐந்து பாகத்தையும் பிளஸ் டூ லீவில் ராத்திரி ராத்திரியாக முடித்தேன். அவர்கள் மேல் குறையில்லை. அவர்களுக்குத் தெரிந்த டெல்டாவை எழுதினார்கள். எனக்குச் சண்டை இப்போது எழுதுகிறவர்களோடு, இன்றைய டெல்டா அவர்கள் புத்தகத்தில் இல்லையே என்று.

நான் தமிழ் மாணவி இல்லை, பி.காம். அதனால் என் ரசனைக்கு எந்தப் பேராசிரியரும் பொறுப்பில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதில் 300 புத்தகத்துக்கு என்று அம்மாவிடம் பேசி வாங்கிவைத்திருக்கிறேன். மிச்சம் வீட்டுக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். ஜன்னலோர சீட் கிடைத்தால் போக வர ஐம்பது பக்கம் ஓடும். மற்றதெல்லாம் கிளை நூலகம். நூலகத்தில் 'புதுசு' என்று அடுக்கியிருப்பவை பெரும்பாலும் விருது வாங்கியவை, விருது வாங்கி இரண்டு வருஷம் கழித்து வந்தவை. ஆகவே நான் "சமீபத்திய புத்தகம்" என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.

சிரிப்பு வருவது வேறொன்றை நினைத்தால்தான். இந்த நாட்டுக்கே நூலக விதி எழுதிய எஸ்.ஆர். இரங்கநாதன் சீர்காழிக்காரர். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்று அவர் புத்தகம் போட்ட அதே 1931-ல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. இப்போது வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். வண்டி மட்டும் வரக்காணோம்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

கடந்த ஒரு வருஷத்தில் என்னை ரொம்ப ஆட்டிவைத்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். பாதி நாவல் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நடக்கிறது. அழுகை, குற்றம்சாட்டல், டீ வாங்கி வருவது, மறுபடியும் அழுகை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று என் தோழி பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வார்டுக்கு வெளியே ஒரு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் புதுசாக எதுவும் பேசுவதில்லை. எனக்கு அந்தத் திரும்பத் திரும்பதான் நாவலின் பலமாகப் பட்டது. ஒரே குறை, ரேவதிக்கு ரவியிடம் என்னதான் பிடித்தது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவளை எல்லாரும் பேசுகிறார்கள், அவள் கொஞ்சமாகத்தான் பேசுகிறாள்.

அதையே கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'மரக்கறி'யிலும் பார்த்தேன். 2024-ல் நோபல் வந்த பிறகு எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தார்களே, அதேதான். மூன்று பாகம், கணவன், அக்காள் புருஷன், அக்காள் என்று மூன்று பேர் பார்வை. கறி சாப்பிடாமல் நிறுத்தியவளின் குரல் கனவு வரும் இடங்களில்தான் நேராகக் கேட்கிறது. ஆனால் அங்கே அது வேண்டுமென்றே செய்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அப்பா அவள் வாயில் கறியைத் திணிக்கும் இடத்தைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒருத்தி இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். "மாலை போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சாம்பார் ஊற்றுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சின்னப் புத்தகம். காரு மாமா என்ற ஒரு நாவிதர் இறந்துபோக, உறவெல்லாம் வந்து சேர்கிறது. அவ்வளவுதான் கதை. முதல் நாற்பது பக்கத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று ரஃப் நோட்டில் வம்சாவளி எழுதிவைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு நோட்டே தேவைப்படவில்லை. கொங்கு நாட்டில் குடிநாவிதக் குடும்பம் ஒன்று எப்படிச் சாப்பிட்டது, யார் வாசலில் நின்றது, எதற்குச் சிரித்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். நான் ஈரோட்டைத் தாண்டிப் போனதே இல்லை.

இதற்கெல்லாம் மேலே, எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படித்தது சோ. தர்மனின் 'சூல்'. படித்தது நான், கேட்டது அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர். நடவு, களை, அறுப்பு என்று வாழ்க்கை முழுக்க வயலில் நின்றவர். இப்போது முழங்கால் வலிக்குத் திண்ணை. உருளைக்குடியின் கண்மாய், அதில் தண்ணீர் பங்கு வைக்கும் முறை, கரையைக் காவல் காக்கிற சாமிகள் என்று போகும் பக்கங்களுக்கு அப்பாயி போட்ட 'ம்' இருக்கிறதே, எந்த விமர்சகரும் போட முடியாது. நடுவில் ஒருதரம் நிறுத்தச் சொன்னார். "அவுங்களுக்குக் கம்மா இருக்கு, தண்ணி எவ்வளவு கெடக்குன்னு கண்ணால பாத்துக்கலாம். நமக்கு மேட்டூரு தொறந்தாச்சான்னு ரேடியோல்ல சொல்லணும்." 2024-ல் வழக்கமான ஜூன் 12 போய் ஜூலை 28-ல்தான் மேட்டூர் அணை திறந்தது, எங்கள் வீட்டில் அந்த வருஷம் குறுவை நெல் வைக்கவில்லை. நாவலின் பின்பகுதியில், சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் சீரழியும் இடங்களில், தர்மனுக்குக் கோபம் முந்திக்கொண்டு கதை பின்தங்குகிறது. பாத்திரங்கள் பேச வேண்டியதை அவரே பேசுகிறார். அப்பாயிக்கு அது குறையாகவே தெரியவில்லை. "திட்டட்டுமே, நல்லாத் திட்டட்டும்" என்றார்.

இப்போது என் வழக்கு. கரிசலுக்குத் தர்மன் இருக்கிறார், கொங்குக்குத் தேவிபாரதி இருக்கிறார், விருத்தாசலம் பக்கத்துக்கு இமையம் இருக்கிறார். அந்த ஊர்களின் இன்றைய சண்டை, சாவு, கடன், காதல் எல்லாம் புத்தகமாக என் கைக்கு வந்துவிட்டன. என் ஊரைத் தேடினால் வருகிறவை பெரும்பாலும் நான் பிறப்பதற்கு முந்தையவை.

கீழ்வெண்மணியையே எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், 1977-ல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. படித்தேன், கோபம்தான் வந்தது. டில்லியிலிருந்து வருகிற படித்தவர்கள் கண்ணால் ஊரைப் பார்க்கிறோம். கொடுமை செய்கிற மிராசுதாரின் உள்ளத்தைத் துருவ அவருடைய ஆண்மைக் குறைவு வரைக்கும் போகிறார் ஆசிரியர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்கள் கதையில் எனக்கு எதற்கு மிராசுதாரின் படுக்கையறை? இந்தக் குற்றச்சாட்டு பழசு, நிறையப் பேர் அப்போதே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அப்பாயி போன்றவர்களின் கண்ணால் எழுதியது எங்கே என்று தேடினால்தான் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' கிடைக்கிறது. 1999-ல் வந்தது. திருவாரூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சில் எழுதினார். கொஞ்சம் கரடுமுரடு, சில இடங்களில் கட்சிக் கூட்டத்துக் குரல். இருந்தாலும் குருதிப்புனலைவிட எனக்கு இதுதான் பெரிசு. இரண்டையும் படித்த சீனியர் அக்கா ஒருத்தர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அவரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.

சரி, அதற்குப் பிறகு? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஒரே ராத்திரியில் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. ஒரு மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். அதன் பிறகு எத்தனை பெண்பிள்ளைகள் படிப்பை விட்டுத் திருப்பூர் போனார்கள் என்பது எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டுக்குத் தெரியும். என் கைக்கு வந்த எந்த நாவலிலும் அந்தப் பிள்ளைகள் இல்லை. நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் கைவேகத்தைப் பார்த்து, முதலில் பொறாமைப்பட்டு, பிறகு அந்தப் பையன்களுக்கு மோர் கொடுத்தனுப்பினார். மொழி தெரியாத இரண்டு நடவுக்காரர்கள், ஒரு சொம்பு மோர். இதைவிட ஒரு எழுத்தாளருக்கு என்ன வேண்டும்?

நிலம் சொந்தமாக இல்லாமல் கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர்கள், உப்பேறிப்போன கடலோர வயல், அதையடுத்து இறால் குட்டை, மணிக்கணக்கில் வாடகை ஏறும் அறுவடை மிஷின்... ஆய்வுக் கட்டுரையிலும் செய்தித்தாளிலும் எல்லாம் இருக்கின்றன. எனக்கு மனுஷர்களோடு வேண்டும்.

"டெல்டாவில் இப்போது கதை இல்லை, எல்லாரும் வெளியூர் போய்விட்டார்கள்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒரு தை மாதம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை. சாக்கு வந்த அன்று மழை. குவித்த நெல்லுக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு ராத்திரி முழுக்க எங்கப்பாவும் இன்னும் பத்துப் பேரும் காவல் கிடக்கிறார்கள். சாதி பார்க்கிறவர், பார்க்காதவர், கடன் கொடுத்தவர், வாங்கியவர், போன வருஷம் வரப்புக்காக அடித்துக்கொண்ட இரண்டு பங்காளிகள், எல்லாரும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே. விடியும்வரை பேச்சு. ஒரு முழு நாவல் அந்த ஒரு ராத்திரிக்குள் அடங்கும், 200 பக்கத்தில். 900 பக்கம் வேண்டாம் சாமி, பஸ்ஸில் நின்றுகொண்டு பிடிக்கவே முடியாது.

யாராவது ஏற்கெனவே எழுதி, என் கண்ணில் படாமல் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். பிடிஎஃப் வேண்டாம். 300 ரூபாய்க்குள் என்றால் அடுத்த மாதப் பணத்தில் வாங்கிவிடுவேன். அதற்கு மேல் என்றால் நூலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.