சதவீதம் கைக்கா, சம்பளத்துக்கா?
'35 சதவீத ஊனம் என்றால் வருமானத்திலும் 35 சதவீதம் போய்விட்டது' என்று விபத்து இழப்பீடு பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அங்கேதான் இடிக்கிறது. டாக்டர் அளப்பது உடலை. கோனியோமீட்டர் வைத்து மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பார், தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அதுவும் சிகிச்சை முடிந்து, இனி பெரிய மாற்றம் வராது என்ற நிலையில்தான். ஊனச் சான்றிதழில் இருப்பது அடிபட்ட கை அல்லது காலுக்கான சதவீதமா, முழு உடலுக்கானதா? பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

வருமான இழப்பைக் கணிப்பது விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் வேலை. 2010-ல் உச்ச நீதிமன்றமே சொன்ன உதாரணம்: இடது கை துண்டிக்கப்பட்டால் ஊனம் சுமார் 60 சதவீதம். ஆனால் அவர் டிரைவரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகப் போச்சு; அரசு கிளார்க் என்றால் வேலை போகாமலே இருக்கலாம். எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவரின் விறைத்த முழங்கையும் ஓ.எம்.ஆர். ஐ.டி. ஊழியரின் முழங்கையும் ஒன்றா?

அப்புறம், 40 சதவீத வரம்பு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் சலுகைகளுக்கானது. அதற்குக் கீழே இருந்தாலும் விபத்து இழப்பீடு கேட்கலாம். கட்டுரையில் அந்தப் பத்தியைத் திருத்திவிடுங்கள், ப்ளீஸ்.