மீடியம் ரேர் கேட்டால் மீடியம் ரேர் கொடுங்கள்
அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு பல கிளைகள் உள்ள செயின் ஸ்டேக்ஹவுஸுக்கு, அதாவது மாட்டுக்கறித் துண்டை வாட்டித் தரும் உணவகத்துக்குப் போனாலே எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மேஜை காலியானதும் அதிரும் பஸ்ஸரைக் கையில் கொடுத்து வாசலில் காக்க வைக்கிறார்கள், சரி. சூடான பன்னும் வெண்ணெயும் வந்ததும் அதை மறந்துவிடலாம். ஆனால் ரிப்ஐ என்கிற விலாப்பகுதிக் கறியை மீடியம் ரேராக, அதாவது உள்ளே சிவப்பு மாறாத வேக்காட்டில், வேண்டும் என்று சொல்லியும் உள்ளே துளி சிவப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் வருகிறதே, அதை எப்படிப் பொறுப்பது?

மீடியம் ரேர் என்றால் நடுவில் சுமார் 55 டிகிரி செல்சியஸ். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் கறியின் உள்சூடு சில டிகிரி ஏறும். அதனால் கொஞ்சம் முன்னாலேயே எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தாலும், கொண்டுவர ஆளில்லாமல் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் விளக்குக்கு அடியில் கிடந்தால் வெந்துகொண்டேதான் இருக்கும். திருப்பி அனுப்பினால், புதிது வருவதற்குள் கூட வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத்தானே போகிறோம்!

பரிமாறுகிறவர்களைத் திட்ட மனம் வராது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மத்திய சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதல் என்றாலும். அதனால் டிப்ஸைக் குறைப்பதில்லை. என் கோபமெல்லாம் சமையலறையில் ஒரு தெர்மாமீட்டரை ஒழுங்காகப் பயன்படுத்த வைக்காத நிர்வாகத்தின் மேல்தான்.