67 மில்லிமீட்டர்

போன வாரம் இங்கே ரங்கூனில், தன்யின்கோன் ஸ்டேஷனில் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். கத்தரிக்காய்க் கூடையும் முருங்கைக்காய்க் கட்டும் ஏற்றிக்கொண்டு நிற்கிற வட்ட ரயில். சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகன் கீழே எழுதினான்: "அத்தை, இது ஜப்பான்காரன் வேணாம்னு கழிச்சுப் போட்ட வண்டி. இதுலயா இன்னும் போய்ட்டு வர்றீங்க?" என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டான், தெரியும். ஆனாலும் அந்தக் "கழிச்சுப் போட்ட" என்ற சொல் மூன்று நாளாக முள்ளாகக் குத்துகிறது. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கடை ரங்கூன் காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. காலையில் இட்லி தோசை, மத்தியானம் சாப்பாடு. காய் முழுக்க தன்யின்கோன் சந்தையிலிருந்துதான் வருகிறது. ஸ்டேஷனை ஒட்டியே சந்தை என்பதால் தூக்குகூலி மிச்சம். விடியும் முன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். இருபது வருஷமாக இதுதான் என் காலை. ஊரைச் சுற்றி சுமார் 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம். கீரை விற்கிறவர், கூலிக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், மடியில் காடை முட்டைத் தட்டோடு ஏறுகிற அக்கா, எல்லோருக்கும் கட்டுப்படியாகிற வண்டி இது ஒன்றுதான்.

முன்னே எஞ்சின் வைத்து இழுக்கிற பழைய பெட்டிகள்தான் இருந்தன. மரப் பலகை, திறந்த ஜன்னல். பிறகுதான் ஜப்பானில் ஓய்வு கொடுத்த டீசல் பெட்டிகள் கப்பலில் வர ஆரம்பித்தன. ரயில்வேக்காரர்கள் அவற்றை ஆர்.பி.இ., அதாவது ரயில் பஸ் எஞ்சின் என்பார்கள். நான் வழக்கமாக ஏறும் பெட்டியின் கதவோரத்தில் நாலு ஜப்பான் எழுத்து உள்ள தகடு ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு நாள் பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பையன் ஒருவன் அதைப் படித்துச் சொன்னான்: "வன்மன்." கிராமத்துப் பாதைகளில் கார்டு இல்லாமல் டிரைவர் ஒருவரே பார்த்துக்கொள்கிற வண்டி என்று பொருளாம். பெட்டி எண்ணுக்கு முன்னால் இருந்த இரண்டு எழுத்தையும் படித்தான். கி, ஹா. கி என்றால் எஞ்சின் தன்னிடமே உள்ள டீசல் பெட்டி. ஹா என்றால் சாதாரண வகுப்பு. அவர்களுடைய பழைய இ-ரோ-ஹா எழுத்து வரிசையில் மூன்றாம் எழுத்து, ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பைக் குறித்தது. அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ ஒரு நெருக்கம் வந்தது. அங்கேயும் அது சாதாரண ஜனங்களின் வண்டிதான். ஏதோ மலையோர ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் ஆள் ஏற்றிய வண்டி, இங்கே என் கத்தரிக்காயை ஏற்றுகிறது.

எல்லாமே உள்ளூர் வண்டியாக வந்தவை அல்ல. கிஹா 181 என்று ஒரு வகை. 1968இல் ஜப்பானில் விரைவு வண்டியாக இறங்கியது. 2010இல் அங்கே வழக்கமான ஓட்டத்திலிருந்து ஓய்ந்த பிறகு சில பெட்டிகள் இங்கே வந்தன. நாற்பது வருஷம் மலையேறிய வண்டிக்கு அதற்குப் பிறகும் வேலை இருந்தது.

கப்பலில் வந்து இறங்கியதும் ஓடிவிடாது. ஜப்பானில் பெரும்பாலான பாதைகளில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம் 1,067 மில்லிமீட்டர். இங்கே பர்மாவில் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். வித்தியாசம் 67 மில்லிமீட்டர், என் உள்ளங்கை அகலம்கூட வராது. அந்த 67 மில்லிமீட்டருக்காக ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்தையும் வெளியே எடுத்து நெருக்கி அமைக்க வேண்டும், பிரேக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சில வண்டிகளுக்கு நம் பாலங்களில் இடிக்காமல் இருக்கக் கூரையையே அறுத்துத் தாழ்த்தினார்கள். தாத்தா இன்சேன் லோக்கோ பட்டறையில் பிட்டராக இருந்தவர். ஆக்சிலில் சக்கரம் ஏற்றுவதைப் பற்றி அப்பாவிடம் அவர் சொன்ன ஒன்றை அப்பா எங்களுக்குச் சொல்வார்: "பிரஸ் அழுத்தும்போது கண்ணால பாக்காத, காதால கேளு. சத்தம் ஒரே சீரா ஏறணும். நடுவுல விட்டா அந்தச் சக்கரம் ஒரு நாள் ஆள் உயிரை வாங்கும்." இவ்வளவு வேலை செய்து மறுபடி ஓடவைத்த வண்டியை, கழித்துப் போட்டதைப் பொறுக்கினோம் என்று எப்படிச் சொல்வது?

தம்பி, உன் ஊருக்கே வருகிறேன். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த நீலப் பெட்டிகள் எத்தனையில் நீ போயிருப்பாய்! அந்தப் பழைய வடிவப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏற்றி ஓய்ந்த பெட்டிகளில் பலவற்றுக்கு ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கோடியில் கதவு வைத்து, கார் ஏற்றுகிற சரக்கு வண்டியாக மாற்றுகிறார்கள். சில பெட்டிகள் ஸ்டேஷன் வாசலில் உணவகமாக நிற்கின்றன. இங்கிலாந்தில் லண்டன் சுரங்க ரயிலில் 1938 முதல் ஓடிய வகைப் பெட்டிகள் வைட் தீவில் 2021 வரை ஓடின. அதற்குப் பதிலாக வந்ததும் லண்டனில் ஓய்வுபெற்ற இன்னொரு வகைதான். பணமில்லாத நாடா அது?

நியூயார்க்கில் வேறு மாதிரி. சிவப்பு வண்ணச் சுரங்க ரயில் பெட்டிகளை மோட்டார், எண்ணெய், கதவு எல்லாம் கழற்றிவிட்டு அட்லாண்டிக் கடலில் தள்ளினார்கள், மீன் வந்து அடையட்டும் என்று. டெலவேர் கரைக்கு அப்பால் அது நன்றாகவே நடந்தது. அந்த வெற்றியைப் பார்த்துப் பின்னால் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளையும் தள்ள, அவை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சிதைந்துபோயின. மீனுக்கு நல்லது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆள் உட்கார்ந்து போன வண்டியைக் கடலில் தள்ள எனக்கு மனசு வராது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது ரயிலுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். செத்த பெட்டியிலும் சக்கரம் இருக்கிறது, செம்புக் கம்பி இருக்கிறது, இன்னொரு வண்டியை ஓடவைக்கிற பாகம் இருக்கிறது. ஜகார்த்தாவிலும் ஜப்பானின் பழைய மின்சார ரயில்கள்தான் பல வருஷம் ஊரைச் சுமந்தன. அவையும் ஓய்ந்த பிறகு சிக்கௌம் போன்ற ஸ்டேஷன்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த படங்களைப் பார்த்தேன். மேலே கொடி படர்ந்திருக்கிறது. என்னைக் கோபப்படுத்துவது அதுதான். இரண்டாம் கை வண்டியில் ஏறுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எடுத்து வைத்திருந்தும் பயன்படுத்தாமல் மக்க விடுவதில்தான் வெட்கப்பட வேண்டும்.

அது இங்கேயும் நடக்கிறது. எனக்குப் பழக்கமான ஒரு பெட்டி, இரண்டாம் ஜன்னலோரத்தில் நான் உட்காருகிற பெட்டி, ஒரு மழைக்காலத்தில் காணாமல் போனது. மாதக்கணக்கில் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் வண்டியிலிருந்து பார்க்கிறேன், ஒரு யார்டின் ஓரத்தில் நிற்கிறது. சீட்டில் பாசி, கண்ணாடி இல்லை, அடியில் எஞ்சின் இருந்த இடம் வெற்றாக இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். ஒரு பாகம் வரவில்லை, வரும்வரை ஓரமாக நிற்கட்டும் என்றார்களாம். அதற்குள் மற்ற வண்டிகளுக்காக இதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, கடைசியில் இனி உதவாது என்று எழுதிக் கண்டம் பண்ண வேண்டியதாகிவிட்டது. கழற்றி இன்னொன்றுக்குப் போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் கணக்கோடு செய்ய வேண்டும் என்கிறேன். எந்தப் பெட்டி ஓடப்போகிறது, எது பாகத்துக்கு என்று முதலிலேயே பிரித்து, பாகத்துக்கானதைக் கூரைக்கடியில் வைத்தால் என்ன?

கொடுக்கிற நாடுகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டியை மட்டும் கப்பலேற்றினால் போதாது. குளிர் நாட்டுக்குச் செய்த பெட்டி அது. ஏசி நின்றுபோனால், திறக்காத ஜன்னலுக்குள் சித்திரை வெயிலில் ஆள் வெந்துபோகிறோம். பத்து வருஷத்துக்கான பாகமும், பர்மிய மொழியில் பழுதுபார்ப்புக் கையேடும் சேர்த்துத் தந்தால்தான் அது தானம். நம் ஆட்களின் கைக்குக் குறைவில்லை. ஹினோ லாரி எஞ்சினை வைத்தே தண்டவாளத்தில் ஓடுகிற பஸ் பண்ணியவர்கள் அவர்கள்.

புது வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. வரட்டும். அதுவரை இதை ஒழுங்காக ஓட்டட்டும். இது ஓய்கிற நாளில் ஒரு பெட்டியையாவது முழுசாக, அந்த "வன்மன்" தகட்டோடு நிறுத்தி வைக்கட்டும். பக்கத்திலேயே அதன் சக்கரத்தை நெருக்கியவர்கள் பெயரையும் எழுதி வைக்கட்டும்.

பெயர் பற்றி ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஜப்பான் சக்கரத்தை மீட்டர் கேஜுக்கு நெருக்கியது இது முதல் தடவை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சி56 என்கிற நீராவி எஞ்சின்களில் 90ஐ இதே மாதிரி மாற்றி சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள். அவற்றில் பல, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயிலில் ஓடின. அந்தப் பாதையைப் போட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். 1943 அக்டோபரில் பாதையைத் திறந்துவைத்தபோது ஓடிய சி56 31 எண் எஞ்சினை 1979இல் ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுபோய் டோக்கியோவில் கண்ணாடிக் கூடத்துக்குள் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற எஞ்சினைக் கடல் தாண்டித் தேடி வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

மௌல்மீன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, அந்தப் பாதையின் பர்மா முனையான தன்பியூசயாத்துக்கும் போனேன். அங்கே போர்க் கல்லறையில் 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சுக்காரர்களும் கிடக்கிறார்கள். வெட்டிய புல், வரிசையான கற்கள். அது போர்க்கைதிகளுக்கான இடம், அவர்களுக்கு அந்த மரியாதை வேண்டியதுதான். அந்தத் தோட்டத் தொழிலாளிக்கு அங்கே ஒரு கல் இல்லை. அருகே ஒரு சி56 எஞ்சின் காட்சிக்கு நிற்கிறது. அதற்கு எண் உண்டு, செய்த வருஷம் தெரியும், செய்த பட்டறை தெரியும். நான் அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கூட வந்த பெரியம்மா சூடம் கொண்டுவந்திருந்தார். எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் தண்டவாளத்தின் மேலேயே வைத்து ஏற்றினார்.

1877இல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு முதல் வண்டி ஓடியது. பர்மா ரயில்வேயில் அதற்குப் பின் எத்தனை தமிழர்கள் கரி அள்ளிப் போட்டார்கள், கொடி காட்டினார்கள், பட்டறையில் நின்றார்கள்! தாத்தாவிடம் மிஞ்சியது ஒரு பித்தளை டோக்கன். பட்டறை வாசலில் உள்ளே போகும்போது எடுத்து, வெளியே வரும்போது ஆணியில் மாட்டுவது. எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒரு எண் மட்டும் பொறித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இன்சேனிலோ மிட்ங்கேயிலோ பட்டறையில் இருந்தவர்கள், லைனில் இருந்தவர்கள் உண்டென்றால் அவர்கள் பெயரையும் செய்த வேலையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாளைக் காலை வண்டியில் போகும்போது பஸுன்டாங் ஸ்டேஷனில் ஒரு தாத்தாவைப் பார்க்க வேண்டும். அவர் முப்பது வருஷம், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவராம்.