நீல டின்னும் செராவே டப்பாவும்: கூடிய காசு எதற்கு?

“செராவேயில் செரமைட் இருக்கு, நிவியாவில் இல்லை. அதனால் செராவேதான் நல்லது.” கொழும்பில் தோல் வறட்சி பற்றிக் கதை வந்தால் பெரும்பாலும் இந்த வரியோடு முடிந்துவிடுகிறது. முதற்பாதி சரி. “அதனால்” என்ற சொல்தான் பிழை. நீல டின்னில் வரும் நிவியா கிறீமை விட்டு, கூடிய காசு கொடுத்து செராவே மொய்ஸ்சரைசிங் கிறீம் வாங்கலாமா என்று கேட்டால், சிலர் கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அதில் இருக்கும் செரமைட்டுக்காக (தோலிலேயே இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) இல்லை, அதில் இல்லாத ஒன்றுக்காக.

இரண்டையும் கவிழ்த்துப் பின்பக்கத்தை வாசியுங்கள். நிவியாவின் ஐரோப்பிய டின்னில் நெடுங்காலமாக அச்சாகி வரும் பட்டியல் இப்படித் தொடங்கும்: தண்ணீர், திரவப் பரஃபின், மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு, கிளிசரின், லனோலின் அற்ககோல், பரஃபின், பந்தெனோல். பிறகு இரண்டு மூன்று எண்ணெய்ப் பொருட்கள், அலுமினியம் ஸ்டியரேற்று, மகனீசியம் சல்பேற்று, சித்திரிக் அமிலம். கடைசியில் வாசனையும் அதன் கூறுகளும். செராவே டப்பாவில்: தண்ணீர், கிளிசரின், சீற்றியரைல் அற்ககோல், கப்ரிலிக்-கப்ரிக் ட்ரைகிளிசரைட், சீற்றைல் அற்ககோல், சீற்றியரெத்-20, பெற்றோலேற்றம் (நாங்கள் வசலின் என்று சொல்வதுதான்), பொற்றாசியம் பொஸ்பேற்று, மூன்று வகைச் செரமைட், கார்போமர், டைமெதிகோன். இன்னும் கீழே ஹயலுரோனிக் அமிலத்தின் உப்பு, கொலஸ்திரோல், பினொக்சிஎதனோல் என்று போகும். நாட்டுக்கு நாடு, தொகுதிக்குத் தொகுதி சிறு மாற்றங்கள் வரும். உங்கள் கையில் இருக்கும் டின்னில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

அற்ககோல் என்ற சொல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சீற்றியரைல், சீற்றைல் இரண்டும் மெழுகு போலத் திண்மமானவை, கிறீமைக் கெட்டியாக்கித் தோலை மென்மையாக்குபவை. லனோலின் அற்ககோல் செம்மறியாட்டு மயிர்க் கொழுப்பிலிருந்து வருவது. தோலைக் காயவைக்கும் அற்ககோல் லேபலில் “அல்கஹோல் டினாற்” என்றோ வெறும் “அல்கஹோல்” என்றோ இருக்கும். இந்த இரண்டு கிறீமிலும் அது இல்லை.

பட்டியலை வாசிக்க ஒரு விதி தெரிந்தால் போதும். அளவு கூடியது முதலில், குறைந்தது பிறகு. ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் உற்பத்தியாளர் விரும்பிய ஒழுங்கில் எழுதலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று லேபல் சொல்லாது, நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பினொக்சிஎதனோல் என்ற, கிறீம் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பொருளுக்கு ஐரோப்பாவில் உச்ச அளவே 1 சதவீதம். ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதத்தைத் தாண்டாது. கார்போமர் போன்ற தடிப்பாக்கிகள் வழமையாக அரைச் சதவீதத்துக்கும் குறைவாகவே போதும். செராவேயில் செரமைட்டுகள் நிற்பது பொற்றாசியம் பொஸ்பேற்றுக்கும் கார்போமருக்கும் நடுவில். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பொருள், பின்பக்கத்தில் இந்த மிகச் சிறிய அளவுகளின் கூட்டத்துக்குள் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

குறைந்த அளவு என்றால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று எடுத்தால், செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்து கொழுப்பாலானது. அந்தக் கொழுப்பின் எடையில் ஏறக்குறைய பாதி செரமைட், கால்வாசி கொலஸ்திரோல், மீதியில் பெரும்பங்கு கொழுப்பமிலங்கள். 1990களில் எலிகளின் தோலில் செய்த ஆய்வுகளில், மூன்றையும் சேர்த்துப் பூசினால் தோல் தேறியது, ஒன்றிரண்டை மட்டும் பூசினால் தேறுவது தாமதப்பட்டது. செராவேயில் கொலஸ்திரோலும் சேர்ந்து இருப்பதை அதன் நல்ல பக்கமாகவே சொல்வேன். விலை குறைந்த வேறு “செரமைட் கிறீம்” வாங்குபவர்கள், பட்டியலில் கொலஸ்திரோலும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆனாலும் வறட்சியைத் தீர்க்கும் பெரிய வேலையை செராவேயில் செய்வது இரண்டாம் இடத்திலுள்ள கிளிசரினும் ஏழாம் இடத்திலுள்ள பெற்றோலேற்றமும்தான். அந்த இரண்டு வேலைக்கும் நீல டின்னில் ஆள் இருக்கிறது. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பரஃபினும் மெழுகும் அது ஆவியாகாமல் மூடும். இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 550 சிறுவர்களிடம் லோசன், கிறீம், ஜெல், ஒயின்ற்மென்ற் நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. எந்த வகையும் மற்றதை விடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. நாள்தோறும் போதுமான அளவு பூசக்கூடியதுதான் நல்ல கிறீம்.

இனி லேபல் நேரடியாகச் சொல்லாத ஒரு விஷயம். இரண்டு பட்டியலிலும் முதற்பொருள் தண்ணீர். ஆனால் ஒன்று முகத்தில் எண்ணெய் போல நிற்கிறது, மற்றது உள்ளே இறங்கிவிடுகிறது. ஏன்? செராவே தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் பால்மம். நிவியா அதற்கு நேர்மாறு, எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் அடைபட்டிருக்கும் பால்மம். 1911இல் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் பயர்ஸ்டோர்ஃப் நிறுவனம் அந்தக் கிறீமை வெளியிட முடிந்ததே, லனோலினிலிருந்து எடுத்த யூசெரிற் என்ற பொருள் அந்தத் தண்ணீரைப் பிரியாமல் பிடித்து வைத்ததால்தான். லனோலின் அற்ககோல் என்று இன்றும் பட்டியலில் இருப்பது அதுதான். சீற்றியரெத், பொலிசோர்பேற் போன்ற பெயர்களோடு ஒரு பாதுகாப்புப் பொருளும் இருந்தால் பெரும்பாலும் முதல் வகை. லனோலின் அற்ககோலும் மகனீசியம் சல்பேற்றும் சேர்ந்து இருந்தால் இரண்டாம் வகை. நிவியாவின் பட்டியலில் தனியான பாதுகாப்புப் பொருளே கிடையாது. தண்ணீர் சிறு துளிகளாக எண்ணெய்க்குள் அடைபட்டிருப்பதால் கிருமி பெருக இடமில்லை.

குசினியிலேயே சோதிக்கலாம். கண்ணாடிக் குவளையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, கடலைப் பருமனில் கிறீமைப் போட்டுக் கரண்டியால் கலக்குங்கள். தண்ணீர் பால் போலானால் செராவே வகை. கட்டியாகவே மிதந்து கரண்டியில் ஒட்டினால் நிவியா வகை. லேபல் தெளிவில்லாத கிறீமுக்கும் இது பெரும்பாலும் சரிவரும்.

இந்த ஒரு வித்தியாசம் கொழும்பில் செரமைட்டை விடப் பெரியது. இங்கே காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது. நிவியா வகையைப் பகலில் கழுத்திலும் முதுகிலும் பூசிக்கொண்டு பஸ்ஸில் நின்றால் வியர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குரு போடும். குழந்தைகளுக்கு இன்னும் விரைவாக. செராவே வகைக்கும் ஒரு குறை இருக்கிறது. கார்போமருக்கு உப்பு ஒத்துவராது, வியர்வையின் உப்புப் பட்டதும் அதன் பிடி தளர்ந்து கிறீம் வழுக்கத் தொடங்கும். பகலில் பூசுவதானால் வெளியே இறங்கிய பிறகு இல்லை, குளித்து உடல் ஆறிய பிறகு பூசுங்கள்.

கோட்டை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் நாள் முழுக்க ஏசிக்குள் இருப்பவர்களின் வறட்சி வேறு. முகம் கழுவியதும் இழுக்கும், முன்கை வெள்ளையாகக் கோடு விழும், குதிகால் வெடிக்கும். முகத்துக்கும் கைக்கும் செராவே வகை. குதிகால், முழங்கை, பாத்திரம் கழுவும் கைகளுக்கு இரவில் நீல டின் தாராளம், சாதாரண வசலினும் போதும். திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் நிற்பவர்களுக்கு அங்கே சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரோடு சவர்க்காரம் சேர்ந்து தோலில் படிவு விடும். வறட்சி கூடினால் கிறீமை மாற்ற முதல் சவர்க்காரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இப்போது செராவேயில் இல்லாத அந்த ஒன்று: வாசனை. நீல டின்னின் கடைசி வரியில் லிமொனீன், ஜெரானியோல், ஹைட்ரொக்சிசிட்ரோனெல்லால், லினலூல், சிட்ரோனெல்லோல், பென்சைல் பென்சோயேற், சினமைல் அற்ககோல் என்று ஒரு கூட்டம் வரும். கழுவாமல் விடும் பொருளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே ஐரோப்பாவில் தனித்தனியாகப் பெயர் எழுத வேண்டும். இவற்றில் ஜெரானியோல், ஹைட்ரொக்சிசிட்ரோனெல்லால், சினமைல் அற்ககோல் மூன்றும், வாசனை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத் தோல் வைத்தியர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் கலவையிலேயே இருப்பவை. லிமொனீனும் லினலூலும் திறந்த டின்னில் காற்றுப் பட்டுப்பட்டு மாற்றமடையும், மாறிய பொருள்தான் கூடுதலாக ஒவ்வாமை உண்டாக்குகிறது. போன வருசம் திறந்து அலுமாரித் தட்டில் கிடக்கும் டின்னை வீணாக்கக் கூடாதென்று முகத்துக்குப் பூசாதீர்கள். திறந்த மூடி போட்ட சின்னத்துக்குள் எத்தனை மாதம் என்று இருக்கும், திறந்த நாளை அடியில் பேனையால் எழுதி வையுங்கள்.

கொழும்புக் கடைகளில் ஒரே கிறீம் பல நாடுகளிலிருந்து வந்து நிற்கும். வாசனைக் கூறுகளைப் பிரித்து எழுத எல்லா நாட்டுச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. வெறும் “ஃபிரேக்ரன்ஸ்” என்று ஒரே சொல் இருந்தால் வாசனை குறைவு என்று அர்த்தமில்லை, விபரம் குறைவு என்றுதான் அர்த்தம். “அன்சென்டட்” என்பதையும் நம்பிவிட வேண்டாம். இயற்கை மணத்தை மறைக்க வேறு மணம் போட்டிருக்கலாம். பட்டியலில் பர்ஃபம், ஃபிரேக்ரன்ஸ் இரண்டு சொல்லும் இல்லையென்றால் மட்டும் மனதோடு எடுங்கள்.

எக்சிமா உள்ளவர்கள், கைக்குழந்தை, வெடித்த தோல், வாசனைத் தைலம் பட்டால் தோலில் கடி எடுப்பவர்கள்: இவர்களுக்கு செராவேயின் கூடிய விலை நியாயமானது. எக்சிமாக்காரரில் சிலருக்கு லனோலினும் ஒத்துக்கொள்வதில்லை, அது இரண்டாவது காரணம். தோலில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் குதிகாலுக்கும் கைக்கும் மட்டும் வேண்டுமென்றால் நீல டின்னே போதும், மிச்சக் காசைக் கையில் வையுங்கள். தேமல் அடிக்கடி வருகிறவர்களுக்கு ஒரு சொல். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம், அது தேமல் பூஞ்சணத்துக்குத் தீனி. செராவேயிலுள்ள கப்ரிலிக்-கப்ரிக் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாம் விதை எண்ணெயிலிருந்தோ பிரித்தெடுக்கும், லோரிக்கை விடக் குறுகிய சங்கிலிக் கொழுப்புப் பகுதி, அந்தப் பூஞ்சணத்தால் அதை உண்ண முடியாது.

அளவில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். ரியூப்பிலிருந்து சுட்டுவிரலின் நுனி தொடங்கி முதல் மடிப்பு வரை நீளமாகப் பிழிந்தால் ஏறத்தாழ அரைக் கிராம், அது வளர்ந்தவரின், விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். முகம் கழுத்துக்கு இரண்டரை விரல், ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு, நெஞ்சும் வயிறும் ஏழு, முதுகு ஏழு. பாதம், உள்ளங்கை எல்லாம் கூட்டினால் முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 கிராம். காலையும் இரவும் பூசினால் வாரத்துக்கு 280 கிராம். 50 மில்லிலீற்றர் கிறீமை மூன்று மாதம் வைத்து உடம்பெல்லாம் பூசுபவருக்கு “வேலை செய்யவில்லை” என்று தோன்றுவதில் புதினம் இல்லை. கடையில் விலையைக் கிராமால் பிரித்துப் பாருங்கள், பெரிய டப்பா பெரும்பாலும் மலிவு.

குளித்து மூன்று நிமிடத்துக்குள், துவாயால் ஒற்றிவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். தேய்க்க வேண்டாம், மயிர் போகும் திசையிலேயே தடவுங்கள். மேலே சன்ஸ்கிறீன் போடும்போது திரிதிரியாக உருண்டு வந்தால், கிறீம் கூடிவிட்டது அல்லது அது அடங்க முதல் பூசிவிட்டீர்கள். ஐந்து நிமிடம் விட்டுப் பூசுங்கள். டப்பாவுக்குள் ஈரக் கை விடாதீர்கள், காய்ந்த சிறு கரண்டி ஒன்றை அதற்கென்றே வையுங்கள்.

வீட்டில் விளக்கேற்றுபவர்களும் காஸ் அடுப்பில் சமைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: பரஃபின் உள்ளதோ இல்லாததோ, எந்தக் கிறீமும் ஊறிக் காய்ந்த துணி நெருப்புப் பட்டால் சட்டென்று பிடிக்கும். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதை எச்சரித்தது. கழுவினாலும் துணியிலிருந்து முழுதாகப் போகாது. இரவில் பூசிப் படுக்கும் சட்டையோடு காலையில் அடுப்படிக்கோ சாமி அறைக்கோ போகாதீர்கள்.

புதுக் கிறீம் எதுவானாலும் முழங்கை மடிப்பில் காசு அளவு இடத்தில் காலை மாலை ஏழு நாள் பூசிப் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ நிறுத்திக் கழுவிவிடுங்கள். அதே இடம் திரும்பத் திரும்பச் சிவந்தால் தோல் கிளினிக்குக்குப் போகும்போது டின்னையோ டப்பாவையோ கையோடு கொண்டுபோங்கள், மூடியை மட்டும் இல்லை, பட்டியல் அச்சான பக்கம் கிழியாமல்.