சிம்பல் பறக்கவில்லை, விழுந்தது

"தாளம் தப்பிய ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தலையைக் குறிவைத்து டிரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ் சிம்பலை (டிரம்ஸின் உலோகத் தட்டை) வீசினார், தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்றொரு கதை வரலாறாகப் பகிரப்படுகிறது. 2014இல் வெளிவந்த 'விப்லாஷ்' படத்தில் கொடுமைக்கார இசை ஆசிரியர் சொல்லும் கதை அது. உண்மை வேறு.

நடந்தது 1936 வாக்கில், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியிலிருந்த ரெனோ கிளப்பில். பதின்வயதுப் பார்க்கர், மூத்த கலைஞர்களுடன் சாக்ஸபோன் வாசிக்க மேடையேறித் தடுமாறினார். ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் போட்டார். 'இறங்கு' என்பதற்கான சைகை அது. உடனிருந்த பேஸ் கலைஞர் ஜீன் ரேமி பின்னாளில் சொன்னதும் இதைத்தான். காயம் எதுவும் இல்லை. கூட்டம் சிரித்தது, பையனுக்கு அதுவே போதுமான அடி.

இந்த வதந்தியால் ஜோன்ஸுக்கு இழைக்கப்படும் அநீதிதான் எனக்கு உறுத்துகிறது. கவுன்ட் பேசி இசைக்குழுவில், காலால் அடிக்கும் பெரிய பாஸ் டிரம்மில் இடித்துக்கொண்டிருந்த தாளத்தை ஹை-ஹேட் எனும் இரட்டைச் சிம்பலுக்கு மாற்றி, ஜாஸையே இலகுவாக மிதக்கவிட்டவர் அவர். குச்சிக்குப் பதில் கம்பித் தூரிகையால் வாசிக்கும் பிரஷ் வாசிப்பில் நளினத்துக்குப் பெயர்போனவர். 1973இல், டிரம்ஸ் கலையைப் பேசியும் வாசித்தும் விளக்கும் இசைத்தட்டையே பதிவுசெய்தார். இப்படிப்பட்டவரைக் கொலைவெறி வாத்தியாராக்கிவிட்டார்கள்.

பார்க்கர் தேறியதும் பயத்தால் அல்ல. 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் வாசிக்கச் சென்றவர், சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அங்கேயே பயிற்சி செய்தார்.