அந்த இரண்டு கைதிப் பெண்கள்

வெளியுலகை உள்ளபடி காட்டாமல் மனத்தின் கொந்தளிப்பையே மேடையேற்றிய எக்ஸ்பிரஷனிச நாடகங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே குற்றச்சாட்டைத்தான் கேட்கிறேன். பெயரில்லாத பாத்திரங்கள் இருட்டில் நின்று மானுடத்தை நோக்கிக் கத்துகின்றன, அவ்வளவுதான் என்கிறார்கள். சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடி ஜெர்மானிய நாடகாசிரியர் எர்ன்ஸ்ட் டோலரின் ‘திரளும் மனிதனும்’ நாடகத்தை வாய்விட்டு வாசித்தபோதும் ஒருவர் இதையே சொன்னார். அன்று என்னால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிய பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

கூச்சல் இருந்தது உண்மை. அந்தக் காலத்து ஜெர்மானிய விமர்சகர்களே இவற்றை ‘ஓ மனிதனே’ நாடகங்கள் என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்த விளி டோலருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அறிந்தவர்களால் அதை அவ்வளவு எளிதாகக் கேலி செய்துவிட முடியாது. 1914இல் போர் மூண்டதும் பிரான்சில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது டோலர் ஊருக்கு விரைந்து, தானே முன்வந்து படையில் சேர்ந்தார். மேற்குப் போர்முனையில் ஒருநாள் பதுங்குகுழி தோண்டும்போது அவருடைய கடப்பாரை, மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒரு பிணத்தின் குடலில் சிக்கிக்கொண்டது. இறந்து கிடப்பது ஒரு பிரெஞ்சுக்காரன் அல்லன், ஒரு ஜெர்மானியன் அல்லன், ஒரு மனிதன் என்ற எண்ணம் அந்தக் கணத்தில்தான் தன்னைத் தாக்கியது என்று அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிற்பாடு மேடையில் அவர் ‘மனிதன்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தக் கடப்பாரையின் பாரம் அதில் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

தனிமை இந்த நாடகங்களின் பேசுபொருள் மட்டுமன்று. அவற்றின் கட்டமைப்பே தனிமைதான். ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1898இல் தொடங்கிவைத்த ‘நிலைய நாடகம்’ என்னும் வடிவத்தில், சிலுவை சுமந்த யேசு ஒவ்வொரு நிலையாகக் கடந்து சென்றதைப் போல, ஒற்றை மனிதர் ஒருவர் காட்சி காட்சியாக நடந்து செல்கிறார். எதிரே வருபவர்கள் எல்லாம் அவருடைய அச்சத்தின் அல்லது ஆசையின் நிழல்களாகவே வந்து மறைகிறார்கள். ஜெர்மானிய நாடகாசிரியர் கெயோர்க் கைசரின் ‘காலை முதல் நள்ளிரவு வரை’ 1917இல் மியூனிக்கில் மேடையேறியது. அதில் வங்கிப் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் காசாளர், உலகமே கைவிட்ட நிலையில் ஒரு பெண் மட்டும் தன்னோடு நிற்கிறாள் என்று நம்பும் அதே நிமிடத்தில், அவளே வெகுமதிக்காகப் போலீசை அழைத்து வருகிறாள். கைசர் மிகத் திறமையானவர்; ஆனால் அந்த நாடகத்தை வாசித்து முடித்தபோது மூச்சுவிட எனக்கு ஒரு சன்னலும் கிடைக்கவில்லை.

டோலரிடம் சன்னல் இருக்கிறது. ஆனால் பலரும் அதைத் தவறான சுவரில் தேடுகிறார்கள் என்பதே என் கருத்து. அவருடைய முதல் நாடகமான ‘மாற்றம்’ 1919 செப்டம்பரில் பெர்லினில் ஒரு சிறிய அரங்கில் நடிக்கப்பட்டது. நாயகன் ஃப்ரீட்ரிஷ் வேடத்தில் நடித்தவர் ஃப்ரிட்ஸ் கோர்ட்னர். ஃப்ரீட்ரிஷ் ஒரு சிற்பி. நாட்டின் வெற்றிக்குச் சிலை வடித்துக்கொண்டிருக்கும் அவன், போரில் சிதைந்துபோன ஒருவனும் அவன் மனைவியும் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு, தன் சிலையைத் தானே உடைக்கிறான். அந்தக் காட்சி இன்றும் உடலை நடுங்க வைக்கிறது. ஆனால் நாடகம் முடியும் இடத்தில் அவன் சதுக்கத்தில் நின்று பேசப் பேச, மக்கள் எல்லாரும் விழித்தெழுந்து அவன் பின்னே புரட்சிக்கு நடக்கிறார்கள். நம்பிக்கை என்றால் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அது நம்பிக்கையாகத் தோன்றவில்லை; ஒரு தனிமனிதனின் கனவில் கூட்டம் தலையசைக்கிறது, அவ்வளவே. அவன் கடைசிவரை தனியாகத்தான் நிற்கிறான்.

அந்த நாடகம் மேடையேறிய நாளில் டோலர் சிறையில் இருந்தார். 1919 ஏப்ரலில் மியூனிக்கில் சில வாரங்களே நீடித்த, தொழிலாளர் மன்றங்களின் ஆட்சியான சோவியத் குடியரசில் தலைமைப் பொறுப்பில் இருந்ததற்காக, தேசத் துரோகக் குற்றம் சாட்டி அவருக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். நாடகத்தின் வெற்றிக்குப் பிறகு அரசு மன்னிப்பு வழங்க முன்வந்தபோது, தம்மோடு இருந்த மற்ற கைதிகளுக்கு இல்லாத விடுதலை தமக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். தம் நாடகங்களைப் பெர்லின் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவற்றின் ஒரு காட்சியைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

சிறைக்குள்ளிருந்து, இரண்டரை நாளில், உள்ளே அடைபட்டிருந்தது உடைத்துக்கொண்டு வந்ததைப் போல எழுதிய நாடகம்தான் ‘திரளும் மனிதனும்’. ‘பெண்’ என்றே குறிக்கப்படும் நாயகி, வசதியான வீட்டையும் அரசுப் பணியில் இருக்கும் கணவனையும் விட்டு வந்து, போரை நிறுத்த வேலைநிறுத்தம் செய்யுமாறு தொழிலாளர்களை அழைக்கிறாள். கூட்டத்திலிருந்து எழும் ‘பெயரற்றவன்’ ஆயுதம் வேண்டும் என்கிறான். அவள் தயங்கிப் பணிகிறாள். எழுச்சி நசுக்கப்படுகிறது, அவளுக்கு மரண தண்டனை. சிறைக்கூடத்துக்கு வரும் பெயரற்றவன் தப்பிக்க வழி சொல்கிறான். அதற்குக் காவலாளி ஒருவனைக் கொல்ல வேண்டும். தன் உயிருக்காக இன்னொரு மனிதனைக் கொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டு, அவள் சாவுக்கு நடந்து போகிறாள். 1921இல் யூர்கன் ஃபேலிங் இதைப் பெர்லின் ஃபோல்க்ஸ்ப்யூனே அரங்கில் இயக்கினார்.

இதே சிறை வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1922இல் நீடர்ஷோனன்ஃபெல்ட் சிறையில் டோலரின் அறைக்குள் மண்ணால் கூடு கட்டும் தகைவிலான் இணை ஒன்று குடியேறியது. அவை கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சுக்கு இரை ஊட்டியதைப் பார்த்துக்கொண்டே அவர் ‘தகைவிலான் நூல்’ என்ற கவிதை நூலை எழுதினார். சிறை நிர்வாகம் பின்னர் கைதிகளின் அறைகளில் கட்டப்பட்ட கூடுகளைக் கலைத்தது. மேடையில் ஆயிரம் பேரை நடக்க வைத்த அதே கை, இரண்டு பறவைகளின் வருகைக்காகக் காத்திருந்ததை நினைக்கும்போது, அவர் நம்பிக்கை என்று எதை அறிந்திருந்தார் என்பது எனக்குத் துலங்குகிறது.

அமெரிக்காவில் சோஃபி ட்ரெட்வெல் 1928இல் எழுதிய ‘மெஷினல்’ நாடகத்தின் ‘இளம்பெண்’ணும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவள். அலுவலக இயந்திரங்களின் ஓசைக்கும் விருப்பமில்லாத மணத்துக்கும் நடுவே மூச்சுத்திணறி, கணவனைக் கொன்று, மின்சார நாற்காலியில் முடிகிறாள். அவளுடைய கடைசிச் சொல் ‘யாராவது’ என்பது; அதுவும் முழுமையாக வெளிவருவதற்குள் அறுந்துபோகிறது. வருவார் யாருமில்லை. இருந்தும் அவள் அழைத்தாள் என்பதை என்னால் தோல்வி என்று எழுத முடியவில்லை.

டோலரின் ‘திரளும் மனிதனும்’ நாடகத்தில் அந்த அழைப்புக்குப் பதில் வருகிறது. நாயகியைச் சாவுக்குக் கொண்டுபோன பிறகு, காலியான சிறைக்கூடத்துக்குள் இரண்டு கைதிப் பெண்கள் பதுங்கி நுழைகிறார்கள். அவள் விட்டுச்சென்ற ரொட்டி, கண்ணாடி, பட்டுத்துணி ஆகியவற்றை அள்ளிக்கொள்கிறார்கள். வெளியே துப்பாக்கிகள் வெடிக்கின்றன. திடுக்கிட்டுக் கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிடுகிறார்கள். பேச்சாளர் இல்லை, கூட்டம் இல்லை, கொடி இல்லை. ஒருத்தி மற்றவளிடம் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்கிறாள். நாடகம் அங்கே முடிகிறது.

எங்கள் வாசிப்பில் அந்த வரியைச் ‘சகோதரி, நாம் ஏன் இதைச் செய்கிறோம்?’ என்று வாசித்தோம். அது மேடைப் பேச்சாகிவிட்டது. நண்பர் கூச்சல் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை வாசிக்கும்போது, சிறையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கூப்பிடுவதைப் போல, ‘அக்கா, நாம ஏன் இப்படிப் பண்றோம்?’ என்று மிகத் தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல்லப்போகிறேன். அதன் பிறகு அவள் அழுதபடி மற்றவளின் மடியில் தலை சாய்க்க வேண்டும். விளக்கை உடனே அணைக்கக் கூடாது.