புத்தக மூட்டை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைச் செலவைக் கொடுங்கள்

வீட்டு வரி ரசீது கையில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருப்பார்கள். வீட்டு வரி ஐநூறு ரூபாய் என்றால் அதன் மேல் பத்து சதவீதம், ஐம்பது ரூபாய், நூலகத்துக்குப் போகிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடம் விடாமல் போராடினார், அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தார். ஆக, நம் ஊர் நூலகம் யாரோ போட்ட தர்மம் இல்லை. நாம் கட்டிய காசு. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நன்கொடை பற்றிப் பேச வேண்டும்.

சரி, வரி கட்டுகிறோமே, அப்புறம் நன்கொடை எதற்கு என்று கேட்கலாம். போன மாதம் ஒரு நண்பர் என்னிடம் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நம் தருமபுரி மாவட்டத்தின் வீடுகளில் இருக்கிறது.

நூலக வரி சொத்து வரியோடு ஒட்டிக்கொண்டு வருவது. பெரிய கட்டடங்களும் கடைவீதிகளும் மால்களும் இருக்கிற ஊரில் சொத்து வரி கொட்டும், நூலக வரியும் கொட்டும். பென்னாகரம் பக்கமும் அரூர் மலையடிவாரத்திலும் ஓட்டு வீடும் தொகுப்பு வீடும்தான் அதிகம். அங்கே வீட்டு வரியே சில நூறு ரூபாய் என்றால் அதில் பத்து சதவீதம் எவ்வளவு தேறும்? அதையும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எல்லாம் வசூல் செய்து, மாவட்டத்தின் நூலகங்களை நடத்துகிற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கட்ட வேண்டும். எந்த மாவட்டத்தில் படிப்பு பின்தங்கியிருக்கிறதோ அங்கே நூலகத்துக்கு வருமானமும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரி மாவட்டத்தில் 68.5. மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71-ஐ ஒட்டி. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். யாருக்குப் புத்தகம் அதிகம் தேவையோ அவர்களுக்கு வரியில் கிடைக்கிற பங்கு சின்னது. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் நன்கொடை வேண்டும் என்கிறேன்.

ஆனால் எதைக் கொடுப்பது என்பதில் நாம் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். வீட்டை வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்து இறக்குகிற மூட்டை நேராக நூலகத்துக்குப் போகிறது. எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு வந்த ஒரு சாக்கைப் பிரித்துக் காட்டினார் நூலகர் அக்கா. பாடத்திட்டம் மாறுவதற்கு முன்பு வந்த பத்தாம் வகுப்பு நோட்ஸ். பாதி பக்கத்துக்குப் பேனாவால் விடை எழுதிய பொது அறிவு வினா விடைப் புத்தகம். ஒரு வங்கி கொடுத்த பழைய டைரி. அட்டை போன வார இதழ்கள், அடியில் கரையான் மண். அக்கா ஒன்றும் கோபப்படவில்லை. “மனசோட குடுத்தாங்க தம்பி, வேணாம்னு எப்படிச் சொல்றது? ஆனா ஒவ்வொண்ணையும் பதிவேட்டுல ஏத்தணும், இருக்கிறது நாலு அலமாரி” என்றார். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்கு வேலை.

நல்ல புத்தகம் கொடுப்பவர்களைச் சொல்லவில்லை. 2021-ல் ஆட்சி மாறியபோது முதலமைச்சரான மு.க. ஸ்டாலின், பூங்கொத்தும் சால்வையும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகு கல்யாண வீட்டில்கூடப் புத்தகம் கொடுக்கிற பழக்கம் கொஞ்சம் பரவியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அலமாரியில் புத்தகம் இருந்தும் எடுக்க ஆள் இல்லாத ஊர்கள் நம் பக்கம் நிறைய. அங்கே இன்னொரு அலமாரி எதையும் மாற்றாது. ஆளைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குத்தான் காசு வேண்டும்.

அதற்கு எவ்வளவு ஆகும் என்று எங்கள் வாசகர் வட்டத்தின் கணக்கில் இருந்தே சொல்கிறேன். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அதனால் ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டு வாசிக்கிற கூட்டம் வைக்கிறோம். உட்காரப் பாய் இரண்டு. கடலைச் சுண்டல், அடுப்பு யாராவது ஒருவர் வீட்டில். சின்னப் படக்கதைப் புத்தகம், ஒன்று நாற்பது, ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே கதையில் நாலு பிரதி வாங்குவோம், ஒரு பிரதியைப் பத்துத் தலை எட்டிப் பார்த்தால் யாருக்கும் படம் தெரியாது. அப்புறம் செல்லோ டேப். சிரிக்காதீர்கள், எங்கள் செலவில் டேப்புக்கு முக்கிய இடம் உண்டு. யானை வருகிற பக்கம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. ஒகேனக்கல் காட்டை ஒட்டின ஊர்ப் பிள்ளைகள், யானையை வயலில் பார்த்தவர்கள், அந்தப் பக்கம் வந்தாலே ஆளுக்கு ஒரு கை வைத்து இழுப்பார்கள். கிழிந்து ஒட்டி, மறுபடி கிழிந்து ஒட்டி, அந்த யானைக்கு இப்போது மேலெல்லாம் டேப். அதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். கிழியாத புத்தகம் நிறைந்த நூலகத்தைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்க்கு எந்த அரசுக் கணக்கிலும் தலைப்பு இல்லை. கட்டடத்துக்குத் தலைப்பு உண்டு, புத்தகத்துக்கு உண்டு. புத்தகம்கூடப் பெரும்பாலும் சென்னையில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வருவது. சுண்டலுக்கும் டேப்புக்கும் எந்தக் கோப்பில் எழுதி வாங்குவது? இங்கேதான் ஊர்க்காரர் காசு சரியாகப் பொருந்துகிறது.

ஞாயிறு கூட்டம் எப்போதும் நூலகத்துக்குள் நடப்பதில்லை. புளி சீசனில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைப்போம். ஊரில் பாதிப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கூலிக்குப் புளியம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, பிள்ளை பாட்டியோடு. நம் பக்கத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்கே தெரியும். பாட்டி வேலையை விட்டு எழுந்து வர முடியாது, அதனால் வாசிப்பை அவர்களிடம் கொண்டுபோனோம். ஆறாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை கதையை வாசிக்கிறாள், கொட்டை தட்டுகிற சத்தம் நடுவில் நின்று நின்று வருகிறது. கதையில் கிழவி ஏமாறப் போகிற இடத்தில் ஒரு பாட்டி, “அடியே, அவன் பேச்சை நம்பாதேன்னு சொல்லு அவளுக்கு” என்றார். பள்ளிக்கூடமே போகாத பாட்டி. அடுத்த வாரம் எந்தக் கதை என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

கூடி உட்கார்ந்து கதை கேட்பதும் அதற்கு ஊரே காசு போடுவதும் நமக்குப் புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் என்ன செய்கிறோம்? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறோம். பகலில் பாரதம் படிப்பவர் வாசித்துப் பொருள் சொல்கிறார், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். பல நாள் நடக்கிற அந்த விழாவில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாரதக் கதை மனப்பாடம் ஆனது இப்படித்தான். சேர்ந்து வாசிப்பதற்கு ஊர்ப் பணம் கொடுப்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பாரதத்துக்குக் கொடுக்கிற அதே மனதோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய மனிதர்கள் கொடுத்ததைப் பார்த்தாலும் எனக்கு இதேதான் தோன்றுகிறது. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் ஓடியது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபை பிள்ளையின் முயற்சியும் காசும் அதில் இருந்தது. அவர் கட்டடம் கட்டவில்லை, புத்தகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிற செலவை ஏற்றார். ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எதற்கு? மனைவி சாரதா பெயரும் சேர்ந்து ஒரு நூலகவியல் பேராசிரியர் பதவி உண்டாக்க. நூலகத்தையே மூச்சாகக் கொண்டவர், தன் காசு ஒரு ஆளுக்குச் சம்பளமாகப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அமெரிக்காவில் எஃகு வியாபாரத்தில் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னெகியின் பணத்தில் உலகம் முழுக்க 2,500-க்கும் மேல் நூலகங்கள் எழுந்தன. அவர் கட்டடத்துக்குத்தான் கொடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. நிலம் ஊர் தர வேண்டும், கட்டடத்துக்குக் கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் நடத்துகிற செலவுக்கு ஊர் ஒதுக்க வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் பணம். கட்டி விட்டுவிட்டால் பூட்டிக் கிடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கும் தெரியும். 2006-க்குப் பிறகு மாநில அரசின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் வந்தது. நல்ல திட்டம். இன்று அதில் எத்தனை திறந்திருக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே போய்ப் பாருங்கள். நான் பார்த்த சிலவற்றில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, ஒன்றில் ரேஷன் சாக்கு அடுக்கியிருந்தது. கட்டடத்துக்கு வந்த பணத்தோடு திறந்து வைக்கிற ஆளுக்கும் பணம் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

இந்த இடத்தில் ஓசூரில் வேலை பார்க்கிற நம் ஆட்களிடம் ஒரு வார்த்தை. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவுசெலவோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்ற ஏழாவது அட்டவணையில் பொது நூலகங்கள் அமைப்பதும் இருக்கிறது. நிறுவனம் இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சிப்காட்டில் அவ்வளவு பெரிய கம்பெனிகள் இருக்க, அஞ்செட்டியிலும் தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களிலும் பிள்ளைகள் கையில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இல்லை என்றால் கேட்க வேண்டியது நாம்தான். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு வெறும் புத்தகம் போதாது. வீட்டு மொழியில் கதையைச் சொல்லித் தமிழில் வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பேருந்துச் செலவுக்கும் மதிப்பூதியத்துக்கும் கேளுங்கள்.

கேட்கும்போது எதற்கு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு ஊரில் ஒரு நிறுவனம் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் கொடுத்தது. திறப்பு விழா, போட்டோ எல்லாம் முடிந்தது. கண்ணாடி உடைந்துவிடும் என்று அலமாரியைப் பூட்டிவிட்டார்கள். சாவி இன்னொருவர் வீட்டில். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று தலைப்பு படிக்கிறார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மாவட்ட மைய நூலகத்துக்குள் போனால் குரூப் 4-க்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற இளைஞர்கள்தான் நாற்காலி நிறைய. பலர் சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மின்விசிறி, வெளிச்சம், குடிதண்ணீர், அமைதி. கதை படிக்க வருகிறவர்தான் வாசகர், தேர்வுக்குப் படிக்கிறவர் இடத்தை அடைக்கிறார் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற பெண்ணுக்கு அந்த நாற்காலிதான் படிப்பறை. ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுப்பதும் வாசிப்புக்குச் செய்கிற கொடைதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நன்கொடை வருகிறதே என்று ஊராட்சியோ நகராட்சியோ நூலக வரியைக் கட்டாமல் இழுத்தால் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். வசூல் செய்தது எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு? நன்கொடை கொடுத்தவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு இன்னும் பலம்.

கொடுக்க நினைக்கிறவர்கள் இப்படிச் செய்யலாம். பக்கத்து நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலராகச் சேரலாம், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு வாசகர் வட்டம் நடக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். நடந்தால் ஒரு மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை வேண்டும் என்றால் சுண்டல் பாத்திரத்தில் எழுதிவிடலாம், எங்கள் பாத்திரத்தில் ஏற்கெனவே ஒரு லாரி ஓட்டுநரின் மகள் பெயர் இருக்கிறது, அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. நடக்கவில்லை என்றால் நீங்களே ஆரம்பியுங்கள், நூலகர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். காசு இல்லை, நேரம் இருக்கிறது என்பவர்கள் நூலக நண்பர்கள் திட்டத்தில் சேர்ந்து, வெளியே வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் யாராவது புதிதாக ஞாயிறு வாசிப்பு தொடங்குவதாக இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முதல் மாதத்துக்கான படக்கதைப் புத்தகங்களை எங்கள் வட்டத்தில் இருந்து இரவல் தருகிறோம். யானைப் புத்தகம் மட்டும் தர முடியாது, பிள்ளைகள் விட மாட்டார்கள்.